மயில்கள் கலைந்துபோன வசந்தம்: என்.சி.ஏ.ஏ. நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் நியூ ஜெர்சி மாநிலம் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு அருகே குடியிருப்பவன். மென்பொருள் வேலைக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து, குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன். வீட்டை விட்டு இறங்கிக் கென்னடி புலவார்டில் தெற்கே நடந்தால் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் வந்துவிடும். அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி 2021-22 பருவத்தில் சாதித்தது என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பருவம் முடிந்த சில வாரங்களில் அந்த அணி என்ன ஆயிற்று என்பதை நினைவூட்டவும், அதையொட்டி ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவுமே இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் இதைத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த ஊரில் பிள்ளைகளைக் கூடைப்பந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோரும் இதைப் படித்துத் தம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருந்து வளர்ந்த வீரர் வேறு கல்லூரிக்குப் போகும்போது, அவரை வளர்த்த கல்லூரிக்கு உங்களுடைய போட்டி வருமானத்திலிருந்து ஒரு பங்கு சேர வேண்டும். வீரர் போவதற்கான உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது.

செயின்ட் பீட்டர்ஸ் அணியின் சின்னம் மயில். ஜெர்சி சிட்டி இருக்கும் இந்த நிலப்பகுதியை 1630-ஆம் ஆண்டில் மைக்கேல் பாவ் என்ற டச்சு வணிகர் பெற்றார். பாவ் என்றால் டச்சு மொழியில் மயில். அந்தப் பெயரை லத்தீனாக்கி இந்த இடத்திற்குப் பவோனியா என்று பெயரிட்டார்கள். 1872-இல் தொடங்கிய இந்த இயேசு சபைக் கல்லூரி முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல் மூடப்பட்டு, 1930-இல்தான் மீண்டும் திறந்தது. கிறித்தவ மரபில் மயில் உயிர்த்தெழுதலின் அடையாளம் என்பதால், மூடித் திறந்த கல்லூரிக்கு அது இரட்டிப்பாகப் பொருந்திவிட்டது. மயில்கள் உலாவும் முருகன் மலையான விராலிமலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கல்லூரிச் சுவரில் தோகை விரித்த மயிலை முதன்முதலாகப் பார்த்தபோது ஏற்பட்ட உரிமை உணர்வை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அது எங்கள் அணி.

பெரிய அணி என்று அதை அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். 1968-இல் என்.ஐ.டி. என்ற இன்னொரு தேசியப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகத்தை 100-71 என்று வென்ற ஓர் அணி இங்கே இருந்தது. 'ரன் பேபி ரன்' என்று அந்த அணியை ஊர் கூப்பிட்ட பெயரே இன்று அரங்கத்தின் பெயராக நிற்கிறது. தோற்றால் வெளியேற வேண்டிய, மார்ச் மாதத்தில் நீங்கள் நடத்தும் என்.சி.ஏ.ஏ. போட்டியிலோ, 2022-க்கு முன் 1991, 1995, 2011 என மூன்று முறை நுழைந்து மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியிருந்தது. அரங்கத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் அமரலாம். வாரநாள் மாலைகளில் அதுவும் நிறையாது. மாணவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சொல் எங்கள் தமிழ்நாட்டில் எவ்வளவு கனமானது என்பதை நான் அறிவேன். என் அப்பாவின் விண்ணப்பப் படிவங்களில் அதை எழுதும் வாய்ப்பு வந்ததில்லை, என்னுடையவற்றில் வந்தது.

2018-இல் ஷஹீன் ஹாலோவே பயிற்சியாளராக வந்தார். 2019-இல் முதலாண்டு மாணவர்களாக டக் எடர்ட், டேரில் பேங்க்ஸ், மேத்யூ லீ ஆகியோரும், மாலி நாட்டிலிருந்து வந்த இரட்டையர்களான ஹசன் டிராமே, ஃபூசேனி டிராமே ஆகியோரும் சேர்ந்தார்கள். கே.சி. என்டெஃபோ அவர்களுக்கு ஓராண்டு மூத்தவர். 2020 மார்ச்சில் இவர்கள் தம் கான்ஃபரன்ஸ் (தமக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே கோவிட் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. அடுத்த பருவம் ஆளில்லா அரங்குகளில் போயிற்று. ஆக, 2021-22 பருவம் தொடங்கியபோது இவர்கள் மூன்றாவது ஆண்டாக ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மடலின் அடித்தளம் இந்த மூன்று ஆண்டுகள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்தப் பருவமும் எளிதாகத் தொடங்கவில்லை. நடுவில் மீண்டும் கோவிட்டால் ஆட்டங்கள் நின்றன. பிப்ரவரியில் ஒரு கட்டத்தில் 12 வெற்றி, 11 தோல்வி என்று நின்றது கணக்கு. அந்த நாள்களில் ஒரு மாலை, அப்போது ஒன்பது வயதாகியிருந்த என் மகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்திற்குப் போனேன். கூட்டம் குறைவாக இருந்ததால் கோர்ட்டுக்கு மிக அருகே, மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது கேட்காத ஒன்று அங்கே காதில் விழுந்தது. எதிரணியிடம் பந்து போனதும் செயின்ட் பீட்டர்ஸ் வீரர்கள் ஐந்து பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வலப்பக்கம் ஆள் வருகிறான், நான் இவனைப் பிடிக்கிறேன், நீ கீழே இறங்கு, பின்னால் நான் இருக்கிறேன் என்று, இருபத்துச் சொச்சம் நொடிகளும் இடைவிடாத பேச்சு. முதுகுக்குப் பின்னால் நடப்பதை ஒருவனால் பார்க்க முடியாது. பின்னால் நிற்பவனின் குரல்தான் அவனுக்குக் கண். கூடையின் அடியில் நின்றிருந்த என்டெஃபோ ஒரு முறை குரல் மட்டும் கொடுத்தார். முன்னால் நின்ற பேங்க்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு எட்டு பின்வாங்கினார். பந்து வரவேண்டிய வழி அடைபட்டது. "ஏம்ப்பா, ஆடுறப்ப பேசிக்கிட்டே இருக்காங்க?" என்று மகள் கேட்டாள். புதுக்கோட்டையில் வெயில் காய்ந்த சிமெண்ட் கோர்ட்டில் கல்லூரி அணிக்கு ஆடியவன் என்ற முறையில் எனக்குப் பதில் தெரியும். சொன்னதை நம்பி, திரும்பிப் பார்க்காமல் பின்வாங்குவதற்கு ஒருவருக்கொருவர் பல நூறு மாலைகளைக் கொடுத்திருக்க வேண்டும்.

அதன்பின் அவர்கள் தோற்கவேயில்லை, அந்த மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு வரை. மார்ச் 12 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மன்மத் அணியை 60-54 என்று வென்று கான்ஃபரன்ஸ் பட்டத்தோடு என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் வந்தார்கள். பலத்தின்படி நீங்கள் தரும் 1 முதல் 16 வரையிலான வரிசை எண்களில் இவர்களுக்குக் கிடைத்தது 15. மார்ச் 17 அன்று, உங்கள் தலைமையகம் இருக்கும் அதே இண்டியானாபொலிஸ் நகரத்தில், எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற கெண்டக்கி எதிரே நின்றது. கெண்டக்கியின் அப்போதைய பயிற்சியாளரின் ஓராண்டுச் சம்பளம் எண்பது லட்சம் டாலருக்கு மேல். செயின்ட் பீட்டர்ஸ் ஆண்கள் அணிக்காக ஆண்டு முழுவதும் செலவிட்டதைப்போல அது பல மடங்கு. கெண்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 30 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்தும், ஆட்ட நேரம் முடிந்தபோது 71-71 என்று சமநிலை. கூடுதல் நேரத்தில் 85-79. பேங்க்ஸ் 27 புள்ளி, எடர்ட் 20. அந்த நேரம் விராலிமலையில் பொழுது விடிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அழைத்த என் அப்பத்தா, என் மகள் கத்திய சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மயிலு செயிச்சிருச்சா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மர்ரே ஸ்டேட்டை 70-60 என்று வென்றார்கள். மார்ச் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பர்டூ. 7 அடி 4 அங்குல உயரமுள்ள ஸாக் ஈடியின் முன் 6 அடி 7 அங்குல என்டெஃபோ. ஈடி பந்தைப் பெறுவதற்கு முன்பே அவரைச் சுற்றி இரண்டு பேர் வந்து நிற்பதும், பந்து வெளியே போன மறுகணம் அவரவர் இடத்துக்குப் பறந்து திரும்புவதும் அன்று முழுவதும் நடந்தன. 67-64. பதினைந்தாம் வரிசையில் வந்த அணி ஒன்று கடைசி எட்டுக்குள் போனது உங்கள் போட்டி வரலாற்றில் அதுவே முதல் முறை. மார்ச் 27 அன்று நார்த் கரோலைனா 69-49 என்று வென்றது, இடைவேளையிலேயே 38-19. அந்தத் தோல்வியில் குறை சொல்ல எதுவும் இல்லை. தெருவில் மயில் கொடிகளோடு நின்றவர்களில் யாரும் அன்று முகம் வாடி வீட்டுக்குப் போகவில்லை.

முகம் வாடியது அதற்குப் பின்வந்த நாள்களில். அந்த வாரமே ஹாலோவே, தாம் மாணவராக ஆடிய ஸீட்டன் ஹால் பல்கலைக்கழகத்திற்குப் பயிற்சியாளராகப் போனார். என்டெஃபோவும் அங்கே போனார். எடர்ட் பிரையன்ட் பல்கலைக்கழகத்திற்கு, பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கு, டிராமே இரட்டையர் லா சாலுக்கு, மேத்யூ லீ மிசௌரி ஸ்டேட்டுக்கு, கிளாரன்ஸ் ரூபர்ட் தெற்கு இல்லினாய்க்கு. எஞ்சிய சிலரில் ஜேலன் மர்ரே மேலும் ஒரு பருவம் ஆடிவிட்டு, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மார்ச் மாத இறுதியில் நாடே பெயர் சொல்லி அழைத்த அணி, கோடை வருவதற்குள் ஏழெட்டு ஊர்களில் இருந்தது.

இவர்களில் ஒருவரையும் நான் குறை கூறவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஹாலோவே தம் பழைய கல்லூரிக்குத் திரும்பியது இயல்பு. அவரை நம்பி வந்த மாணவர்கள், அவர் இல்லாத இடத்தில் தாமும் இருக்க வேண்டுமா என்று யோசித்ததும் இயல்பு. இடம் மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற உங்களுடைய பழைய விதி, பயிற்சியாளருக்கு ஒரு நீதியும் மாணவருக்கு வேறு நீதியுமாக இருந்தது. 2021-இல் ஒரு முறை மாற அனுமதித்தீர்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024-இல், படிப்பில் தகுதி உள்ளவர் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆக்கினீர்கள். அந்த உரிமை வீரருக்கு வர வேண்டியதுதான். இருபது வயதுப் பையனின் காலைக் கட்டி ஒரு கல்லூரி தன் அணியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால் இதில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. பயிற்சியாளர் ஒப்பந்தத்தின் நடுவில் வேறிடம் போனால், விட்டுப்போகும் கல்லூரிக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்ற பிரிவு அந்த ஒப்பந்தங்களில் பரவலாக உண்டு. வீரர் போகும்போது, அவருக்காக மூன்று ஆண்டுகள் உதவித்தொகையும், உடற்பயிற்சியாளரும், பாடத்தில் துணை நிற்கும் ஆசிரியரும், விடிகாலைப் பயிற்சிக்குக் கோர்ட்டைத் திறந்துவைக்கும் ஊழியரும் கொடுத்த கல்லூரிக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. 2022-இல் கலைந்தவர்களில் பெரும்பாலோர் தம்மையொத்த கல்லூரிகளுக்கே போனார்கள் என்பதும் உண்மைதான். அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு 2025-26-இல் நேரடியாக 20.5 மில்லியன் டாலர் வரை, அதாவது இரண்டு கோடி டாலருக்கு மேல், கொடுக்கலாம். அந்தப் பணம் சிறு கல்லூரிகளிடம் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. சிறு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நன்றாக ஆடிய வீரர் மூன்றாம் ஆண்டில் அங்கே இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்காத நிலை வந்துவிட்டது.

அதே உடன்பாட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள். முன்னாள் வீரர்களுக்குரிய இழப்பீட்டு வழக்கில் பிரதிவாதிகளாக இருந்தவை உங்கள் அமைப்பும் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களும்தான். இழப்பீட்டைக் கட்டுவதற்கோ, வழக்கில் பெயரே இல்லாத சிறு கான்ஃபரன்ஸ்களுக்கு நீங்கள் ஆண்டுதோறும் தரும் பங்கிலும் பிடித்தம் செய்யப்படுகிறது. வீரர்களுக்கு அந்தப் பணம் சேர வேண்டியது நியாயம். அதன் சுமையை இறக்கி வைத்த தோள் எது என்பதில்தான் என் வருத்தம்.

வருமானம் உங்களிடம் இல்லாமல் இல்லை. ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2032 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கோடி டாலர் தருகிறது. அதில் ஒரு பகுதியை யூனிட் என்ற கணக்கில் பிரிக்கிறீர்கள். இறுதி ஆட்டம் தவிர, ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு யூனிட். ஒரு யூனிட்டின் மதிப்பு, ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது லட்சம் டாலர். அது போவது அணியின் கான்ஃபரன்ஸுக்கு. செயின்ட் பீட்டர்ஸ் 2022-இல் நான்கு ஆட்டங்கள் ஆடியது. உங்கள் போட்டியை அந்த ஆண்டு கோடிக்கணக்கானோர் பேச வைத்தது இந்தக் கல்லூரி. பெரிய அணிகள் வெல்வதைப் பார்க்க மட்டும் மார்ச் மாதத்தில் நாடு தொலைக்காட்சி முன் உட்காருவதில்லை என்பது, அந்த உரிமையை விற்கும் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

எனவே என் யோசனை இது. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. உலகக் கால்பந்தில், ஃபிஃபாவின் விதிப்படி, ஒரு வீரர் பெரும் தொகைக்குக் கிளப் மாறும்போது, அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு, பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிரப்படுகிறது. சின்ன ஊர்க் கிளப் ஒன்று, தான் வளர்த்த பையன் எங்கோ பெரிய மைதானத்தில் ஆடும்போது, அந்தக் காசில் அடுத்த பையனுக்குக் காலணி வாங்குகிறது. இங்கே வீரரின் ஊதியத்திலிருந்தோ, அவரைச் சேர்க்கும் கல்லூரியிடமிருந்தோ எதுவும் எடுக்க வேண்டாம். எடுத்தால் அது வீரரின் விலையைக் குறைக்கும் தடையாகும், நீதிமன்றமும் ஒப்பாது. உங்கள் மைய வருமானத்தில் ஒரு வளர்ப்புப் பங்கை ஒதுக்குங்கள். போட்டியில் ஆடும் எந்த வீரரும் இதற்கு முன் வேறொரு கல்லூரியில் முழுதாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அவருடைய அணி ஈட்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிகராக ஒரு சிறு தொகை அந்த முந்தைய கல்லூரிக்கு நேரடியாகப் போகட்டும். கான்ஃபரன்ஸ் வழியாகச் சுற்றிப் போக வேண்டாம். அந்தத் தொகையை எதற்குச் செலவிடலாம் என்பதையும் வரையறுத்துவிடுங்கள்: தங்கியிருந்து பட்டம் முடிக்கும் வீரர்களுக்கான உதவித்தொகை, பாட உதவி, மருத்துவம், பயிற்சி ஊழியரின் சம்பளம்.

இதனால் ஒரு நட்சத்திர வீரர் செயின்ட் பீட்டர்ஸிலேயே தங்கிவிடுவார் என்று நான் நம்பவில்லை. மேலும் பல லட்சம் டாலர் கிடைக்கும் இடத்துக்கு அவர் போவார், போகட்டும். அவர் போன பிறகும் அடுத்த நால்வரைத் தங்கவைக்கச் சிறு கல்லூரியின் கையில் ஏதேனும் இருக்கும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. ஒருவர் போனால் அணி தாங்கும். ஏழு பேர் ஒரே வசந்தத்தில் போனால், மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதை நான் நேரில் பார்த்தேன். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில், அதே மூன்றாவது வரிசையில், மகளோடு போய் உட்கார்ந்தேன். முந்தைய ஆண்டைவிடக் கூட்டம் அதிகம். மயில் இறகு தலையில் செருகிய சிறுவர்கள்கூட வந்திருந்தார்கள். புதிய பயிற்சியாளர் பஷீர் மேசனும் புதிய வீரர்களும் முழு மனத்தோடு உழைத்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எதிரணியிடம் பந்து போனபோது காலணிகள் தரையில் உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் திரும்பிப் பார்த்துவிட்டே நகர்ந்தார். என் மகள் அதைக் கவனித்தாள், எதுவும் கேட்கவில்லை.

மேசன் அந்த அணியைப் பொறுமையாகக் கட்டினார். 2024 மார்ச்சில் கான்ஃபரன்ஸ் போட்டியில் ஐந்தாம் இடத்திலிருந்து ஏறி, இறுதியில் ஃபேர்ஃபீல்டை 68-63 என்று வென்று, செயின்ட் பீட்டர்ஸ் மறுபடியும் உங்கள் போட்டிக்கு வந்தது. மறுபடியும் 15-ஆம் வரிசை. டென்னஸியிடம் 83-49 என்று தோற்றது. இரண்டே ஆண்டுகளில் இப்படி மீண்டு வரும் கல்லூரிகள் அரிது என்பதால், இதைக் காட்டி, எல்லாம் தானே சரியாகிவிடுகிறது என்று யாரும் வாதிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முதல் பிரிவில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செயின்ட் பீட்டர்ஸைப் போன்றவை. இருபது, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை அமையும் ஒரு நல்ல கூட்டம் நான்காவது ஆண்டையும் சேர்ந்து ஆடுமா என்று காத்திருப்பவை.

வளர்ப்புப் பங்கு குறித்த இந்த யோசனையை உங்கள் அடுத்த கூட்டத்தின் விவாதப் பொருளில் சேர்த்து, ஏற்பதாக இருந்தாலும் மறுப்பதாக இருந்தாலும் அதற்கான காரணங்களைப் பொதுவில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவரேனும் ஜனவரி மாதத்தில் ஒரு வாரநாள் மாலை கென்னடி புலவார்டு அரங்கத்திற்கு வாருங்கள். கோர்ட்டுக்கு அருகே இடம் கிடைக்கும். எதிரணி பந்தைக் கொண்டுவரும்போது ஆட்டத்தைப் பார்க்காமல் சற்று நேரம் கண்ணை மூடிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்சி சிட்டியில் வாழும் தமிழ்த் தந்தை ஒருவர்